சின்னக் காருக்கு நீண்ட டாப் கியர் வேண்டுமா?

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்துப் போனார். அவரிடம் 2008ஆம் வருஷத்து மாருதி 800 ஒன்று இருக்கிறது. பதினைந்து வருஷம் முடிந்ததும் வரி கட்டிப் பதிவைப் புதுப்பித்து, இன்னமும் பிள்ளையைப் போல் பார்த்துக்கொள்கிறார். புனேயிலிருந்து பெங்களூர், கிருஷ்ணகிரி வழியாக ஊருக்கும் வருஷம் ஒரு தடவை குடும்பத்தோடு அதிலேயே போய் வருகிறார்.

"நாலு கியர் வண்டி சார். எண்பதைத் தாண்டினா எஞ்சின் கத்துது. குர்லாவிலே பழைய அஞ்சு கியர் பெட்டி ஒண்ணு இருக்காம், வாங்கிப் போட்டுத் தரேன்கிறார் மெக்கானிக். லிட்டருக்கு ரெண்டு மூணு கிலோமீட்டர் கூடக் கிடைக்குமாம். போடலாமா?" என்று கேட்டார்.

காபி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமாக இல்லை. அதனால் நம் பத்திரிகையில் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இல்லை, சின்ன எஞ்சின் உள்ள எந்தக் காரையும் வாங்கப்போகிறவர்களுக்கும் இந்தக் கணக்கு பயன்படும்.

கியர் விகிதம் என்றதும் பயப்பட வேண்டாம். சிறு வயதில் ஓட்டிய சைக்கிளை நினைத்துக்கொள்ளுங்கள். பின்சக்கரத்தில் உள்ள ஃப்ரீவீலைக் கழற்றிவிட்டு அதைவிடக் குறைந்த பற்கள் உள்ள ஒன்றை மாட்டினால் ஒரு மிதிக்கு வண்டி அதிக தூரம் போகும். கால் மெதுவாகச் சுற்றும், ஆனால் ஒவ்வொரு மிதியும் கனக்கும். சமதரையில் தனியாகப் போனால் சுகம். கேரியரில் தம்பியையும் ஒரு மூட்டை அரிசியையும் வைத்துக்கொண்டு பாலம் ஏறினால்தான் தெரியும் சங்கதி. நீண்ட டாப் கியர் என்பது இதுதான். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் எத்தனை சுற்று சுற்ற வேண்டியிருக்கிறது என்பதே கணக்கு. அந்த எண் குறையக் குறைய கியர் நீளம் என்று சொல்கிறோம்.

நண்பருடைய 800இல் நான்காவது கியரின் விகிதம் 0.9. அதற்குப் பிறகு கிரவுன் வீல், பினியன் என்ற கடைசி ஜோடி 4.35. இரண்டையும் பெருக்கினால் 3.9 சொச்சம். அதாவது டாப் கியரில் சக்கரம் பத்து முறை சுற்ற எஞ்சின் 39 முறை சுற்ற வேண்டும். அதன் 145/70 ஆர் 12 டயர், பாரத்தோடு ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.55 மீட்டர் உருளும். இதிலிருந்து 80 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் நிமிஷத்துக்கு சுமார் 3,370 சுற்று, 100இல் 4,200, 120இல் 5,050 என்று வருகிறது.

இந்தக் கடைசி எண்ணைக் கவனியுங்கள். அந்த எஞ்சின் தன்னுடைய முழுச் சக்தியான 37 குதிரைத்திறனைத் தருவது 5,000 சுற்றில். வண்டியின் உச்ச வேகமும் கிட்டத்தட்ட அங்கேதான். இது தற்செயல் இல்லை. நாலே கியர் என்று முடிவு செய்த பிறகு, வண்டியின் முழு வேகமும் அந்த நான்காவதில் கிடைக்கும்படி வைத்திருக்கிறார்கள். இதைவிட நீளமான கியர் போட்டால் வேகம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். குறையத்தான் செய்யும். எஞ்சின் 5,000 சுற்றை எட்ட முடியாமல் பாதி வழியில் மூச்சு வாங்கி நின்றுவிடும். ஐந்து கியர் உள்ள பல சின்னக் கார்களில் உச்ச வேகம் நான்காவதில்தான் கிடைக்கும், ஐந்தாவதில் இல்லை. ஐந்தாவது, வேகத்துக்கு இல்லை, அமைதிக்கும் சிக்கனத்துக்கும்.

அந்த அமைதி எவ்வளவு? நான்காவதின் 0.9க்குப் பதில் 0.72 உள்ள ஒரு கியர் என்று வைத்துக்கொள்வோம். 80இல் 3,370 சுற்று 2,700 ஆகிவிடும். காதுக்கு நல்ல வித்தியாசம் தெரியும். சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இன்னொரு விதமாகச் சொல்லலாம். 0.9க்கும் 0.72க்கும் உள்ள விகிதம் சரியாக ஐந்துக்கு நான்கு. இது வரைக்கும் அந்தர காந்தாரத்தில் கத்திக்கொண்டிருந்த எஞ்சின் இனி ஷட்ஜத்தில் பாடும். நாள் முழுக்க ஸ்டியரிங் பிடிப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சிக்கனம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயில் ஒரு தட்டு இருக்கிறது. ஆக்ஸிலேட்டரை லேசாக அழுத்தினால் தட்டு கொஞ்சம்தான் திறக்கும். அந்தச் சின்னச் சந்து வழியாகக் காற்றை உறிஞ்சவே எஞ்சின் கொஞ்சம் சக்தியைச் செலவிடுகிறது. நாம் மூக்கைப் பாதி பொத்திக்கொண்டு நடப்பதைப் போல. கியர் நீளமானால் அதே வேகத்துக்கு எஞ்சின் மெதுவாகச் சுற்றும். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் கூடுதல் வேலை செய்ய வேண்டும், தட்டும் அகலமாகத் திறக்கும். உறிஞ்சும் சிரமம் குறைகிறது. பிஸ்டனும் பேரிங்குகளும் உராய்வதும் குறைகிறது. இதனால் நிஜமாகவே பெட்ரோல் மிச்சமாகும். ஆனால் எப்போது? நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடும்போது மட்டும். கார்வே ரோட்டிலும் ஸ்வார்கேட்டிலும் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் மாறி மாறிப் போராடும் வண்டிக்கு ஐந்தாவது கியர் இருந்தும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். நெடுஞ்சாலையிலும் பத்து சதவிகிதத்துக்கு மேல் யாராவது ஆசை காட்டினால் நான் நம்ப மாட்டேன். மெக்கானிக் சொன்ன இரண்டு மூன்று கிலோமீட்டரை நண்பர் பாதியாகக் குறைத்துக்கொள்வது நல்லது. வருஷத்தில் பெரும்பாலும் ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர் அதையும் மறந்துவிடலாம்.

இனி மறுபக்கம்.

நண்பர் குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போது வண்டி, ஆட்கள், பெட்டி, ஊறுகாய் ஜாடி எல்லாம் சேர்ந்து சுமார் 950 கிலோ இருக்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் அதைச் சமதரையில் நகர்த்த சக்கரத்தில் ஏறக்குறைய 31 கிலோ விசை வேண்டும். அதில் பெரும்பங்கு காற்றைத் தள்ளுவதற்கு, மீதி டயர் உருளுவதற்கு. இப்போதுள்ள டாப் கியரில் முழு ஆக்ஸிலேட்டரில் சுமார் 80 கிலோ விசை கிடைக்கும். கையிருப்பு 49 கிலோ. இந்தக் கையிருப்பைக் கொண்டுதான் மேடு ஏற வேண்டும், முந்த வேண்டும், எதிர்க்காற்றைச் சமாளிக்க வேண்டும். 950ஐ 49ஆல் வகுத்தால் 19 வருகிறது. 19 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறும் மேட்டை வேகம் குறையாமல் ஏறலாம்.

0.72 கியரில் கிடைப்பது சுமார் 68 கிலோதான். தேவை அதே 31. கையிருப்பு 37. இப்போது 26க்கு 1 என்ற மேடுவரைதான் ஏறும். பரவாயில்லையே என்று தோன்றும். நம் நாட்டுச் சாலைகளுக்கு இந்தியச் சாலைகள் காங்கிரஸ் வகுத்த விதிப்படி, சமவெளியில் வழக்கமான ஏற்றம் 30க்கு 1, மலைப்பகுதியில் 20க்கு 1. சமவெளி மேடுகளை நீண்ட கியரும் ஏறிவிடும். காட் பகுதியில் கியரைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதானே?

அவ்வளவுதான் இல்லை. ஏ.சி.யை மறந்துவிட்டோம். கம்ப்ரஸருக்கு மூன்று குதிரைத்திறன் என்று வைத்துக்கொண்டால், அந்த வேகத்தில் அது சக்கரத்திலிருந்து சுமார் 10 கிலோ விசையைத் தின்றுவிடும். பழைய டாப்பில் கையிருப்பு 39 ஆகும். 24க்கு 1 வரை ஏறும், பாதகமில்லை. நீண்ட டாப்பில் 27 ஆகும். 35க்கு 1 என்ற மேட்டோடு சரி. சமவெளிச் சாலையின் சாதாரண மேட்டையே, மேம்பாலத்து ஏற்றத்தையே, ஏ.சி. போட்டுக்கொண்டு நாலு பேருடன் ஏற முடியாது. சித்திரை மாதத்தில் ஹூப்ளி பக்கம் போகிறவர் ஏ.சி.யை நிறுத்திவிட்டா பாலம் ஏறுவார்?

இவை என் கணக்குகள்தான். காற்றுத்தடை, டயர், எஞ்சினின் வயசு இவற்றைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் போக்கு மாறாது.

மேடாவது கண்ணுக்குத் தெரிந்து வருவது. எனக்குக் கவலை முந்துவதில்தான். பெருஞ்சாலையை விட்டு ஊர்ப்பக்கம் பிரியும் இருவழிச் சாலையில் ஒரு லாரிக்குப் பின்னால் போகிறீர்கள். எதிரே கொஞ்ச தூரம் காலி. ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கிறது. 80லிருந்து 100க்கு வர, மேலே சொன்ன கையிருப்புப்படி பழைய டாப்பில் சுமார் 14 விநாடி, நீண்ட டாப்பில் 20 விநாடி. வேகம் கூடக் கூட காற்றுத்தடையும் கூடுமாதலால் நிஜத்தில் இரண்டுமே இதைவிட அதிகம். அந்த ஆறு விநாடி வித்தியாசத்தில் உங்கள் வண்டி எதிர்ப்பக்கத்துப் பாதையில் 150 மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். எதிரே வருகிறவரும் அதே 150 மீட்டர் நெருங்கியிருப்பார். லாரிக்கு இணையாக வந்த பிறகு ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி அசையாமல் இருக்கும் அனுபவம் ஒரு தடவை வந்தால் போதும், மறக்காது.

கியரைக் குறைத்து முந்தலாமே என்பீர்கள். இங்கேதான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. எந்தக் கியருக்குக் குறைப்பது? நாலு கியர் பெட்டியில் டாப் கியர் ஜோடியை மட்டும் மாற்றி 0.72 ஆக்கினால், அதற்கு அடுத்துக் கீழே இருப்பது மூன்றாவது. அதன் விகிதம் 1.33. 80 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாவதுக்கு வந்தால் எஞ்சின் சுமார் 5,000 சுற்றில் அலறும். இன்னும் கொஞ்சம் மிதித்தால் அதற்கு மேல் தருவதற்குச் சக்தி இல்லை. மேலே 2,700, கீழே 5,000, நடுவில் ஒன்றும் இல்லை. மாடிப்படியில் இரண்டு படியை எடுத்துவிட்ட மாதிரி. ஐந்து கியர் பெட்டியாக இருந்து, நான்காவது பழைய டாப் மாதிரியே இருந்தால் கதை வேறு. மேடு வந்தால், லாரி வந்தால், ஏ.சி. கனத்தால், நான்காவதுக்குத் தட்டினால் பழைய வண்டி அப்படியே கையில் இருக்கிறது. ஒன்றும் இழக்கவில்லை. நீண்ட டாப் நல்லதா கெட்டதா என்பது அந்த டாப்பைப் பொறுத்தது இல்லை, அதற்குக் கீழே என்ன கியர் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

கம்பெனிக்காரர்களும் இதை அறிந்தே செய்தார்கள். 800இலேயே 2000ஆம் வருஷத்தை ஒட்டிச் சில காலம் ஐந்து கியர் வகை ஒன்று விற்றது. அதே 796 சி.சி. தான். ஆனால் சிலிண்டருக்கு நான்கு வால்வுகள் வைத்து, சக்தியைச் சுமார் 45 குதிரைத்திறனுக்கு உயர்த்திய எஞ்சின் அதற்கு. 37 குதிரைத்திறன் வண்டிகள் நாலு கியரிலேயே தொடர்ந்தன.

இங்கிலாந்தின் பழைய மினி கார் இன்னொரு நல்ல உதாரணம். 1959இல் 848 சி.சி. எஞ்சினோடு வந்தபோது அதன் கடைசி ஜோடி விகிதம் 3.765. பிறகு 998 சி.சி. எஞ்சின் வந்ததும் 3.44. பெட்ரோல் சிக்கனமே பேச்சாக இருந்த 1982இல் சிக்கன மாடல் என்று சொல்லி 2.95 வரை நீட்டினார்கள். 1984இல் பத்து அங்குலச் சக்கரத்துக்குப் பதில் பன்னிரண்டு அங்குலம் வந்தபோது, டயர் பெரிதானதை ஈடுகட்ட 3.1க்குத் திரும்பினார்கள். அந்த டயர் நம் 800இன் அதே 145/70 ஆர் 12. எடையிலும் இரண்டும் பெரிதாக வேறுபடாது. மினியின் நான்காவது கியர் ஒன்றுக்கு ஒன்று என்பதால் டாப்பில் மொத்த விகிதமும் அதே 3.1தான். நம் வண்டிக்கு 3.9 தேவைப்படும் இடத்தில் அது 3.1இல் சமாளித்தது, ஏனென்றால் குறைந்த சுற்றிலேயே இழுக்க அதனிடம் இருநூறு சி.சி. அதிகம் இருந்தது. குளிர்ப் பிரதேசம், ஏ.சி.யும் கிடையாது. அவர்கள் செய்தார்களே என்று நாம் 796 சி.சி.யை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது.

மினியில் செய்ததுபோல் கிரவுன் வீல் பினியனையே மாற்றுவது ஒரு வழி. அதில் டாப் மட்டும் நீளாது, முதல் கியரிலிருந்து ரிவர்ஸ் வரை எல்லாம் நீளும். முழுப் பாரத்தோடு மேட்டில் நின்று கிளம்பும்போது கிளட்ச் தீயும் வாசனை வரும். பெரிய டயர் போடுவதும் இதேதான், செலவு குறைவு என்பதைத் தவிர. இதில் நான் பட்டுத் தெளிந்தவன். 1998இல் என்னுடைய 800க்கு ஆம்னி வேனின் 145 ஆர் 12 டயரை ஒரு கடைக்காரர் சிபாரிசு செய்தார். "வண்டி உயரமும் ஆகும், மைலேஜும் கூடும்" என்றார். விட்டம் ஏழு சதவிகிதம் பெரிது. மாட்டிக்கொண்டு சாதாரா போனேன். கம்பாட்கி காட்டில் வழக்கமாக மூன்றாவதில் ஏறும் இடமெல்லாம் இரண்டாவது கேட்டது. வீட்டுக்கு வந்து மைலேஜ் பார்த்தால் பதினேழு, பதினாறாகக் குறைந்திருந்தது! கடைக்காரரிடம் சண்டைக்குப் போகக் கிளம்பிய பிறகுதான் உறைத்தது. டயர் பெரிதானதால் மீட்டர் ஏழு சதவிகிதம் குறைவாகக் காட்டுகிறது. நிஜத்தில் மைலேஜ் அதே பதினேழுதான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வேன் டயர் கனம், நீண்ட கியரில் கிடைத்த லாபத்தை அதுவே உருட்டித் தின்றுவிட்டது. வேகமுள்ளும் அதே அளவு பொய் சொன்னது என்பதால், 80 என்று நினைத்து 85இல் போய்க்கொண்டிருந்தேன். ஒரு மாதத்தில் பழைய டயருக்குத் திரும்பினேன். கியர் பெட்டிக்குள் பல்சக்கரத்தை மாற்றினால் இந்த மீட்டர் குழப்பம் பெரும்பாலும் வராது. முன்சக்கரம் இழுக்கும் வண்டிகளில் மீட்டர் கம்பி டிஃபரன்ஷியலிலிருந்து, அதாவது சக்கரத்தின் பக்கத்திலிருந்து, சுற்றை எடுத்துக்கொள்கிறது.

சரி, குர்லாவில் இருக்கும் பெட்டியின் விகிதம் என்ன என்று எப்படித் தெரிந்துகொள்வது? விற்பவர் சொல்வதைக் கேட்க வேண்டியதில்லை. நாமே எண்ணிவிடலாம். பெட்டி தரையில் கிடக்கும்போது, சக்கரங்களுக்குப் போகும் இரண்டு வாய்களில் ஒன்றைச் சுற்றவிடாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். நான்காவது கியரைப் போட்டு, கிளட்ச் பக்கத்துத் தண்டைக் கையால் சுற்ற வேண்டும். ஒரு பக்கம் நின்றுவிட்டதால் டிஃபரன்ஷியல் மறு பக்கத்தை இரட்டிப்பாகச் சுற்றும். ஆகவே மறு பக்கம் 20 சுற்று வரும்வரை உள்தண்டு எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணுங்கள். 800இன் பழைய டாப்புக்கு அது 39. இதே போல் ஐந்தாவதுக்கும் எண்ணுங்கள். சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் தவறு வராது. எண்ணும்போதே எந்தக் கியராவது கரகரவென்றால், கழன்று விழுந்தால், பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடலாம். ஷிஃப்ட் ராடும் மவுண்டிங்கும் டிரைவ் ஷாஃப்டும் தன் வண்டிக்குப் பொருந்துமா என்பதையும், பணம் கொடுப்பதற்கு முன்னால் மெக்கானிக் பெட்டியைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மாட்டிய பிறகு ஓட்டும் பழக்கமும் மாற வேண்டும். நான்காவதில் நாற்பதில் ஊர்ந்து பழகியவர்கள் ஐந்தாவதிலும் அதையே செய்வார்கள். 0.72 கியரில் நாற்பது என்றால் 1,350 சுற்று. மூன்று சிலிண்டர் எஞ்சின் அங்கே உலுக்கும். மிதித்தால் தட்டும். மிச்சமாவதும் ஒன்றும் இல்லை. அறுபதுக்குக் கீழே ஐந்தாவதைத் தொடாமல் இருப்பது எஞ்சினுக்கு நல்லது. காட் ஏறும்போதும் இறங்கும்போதும் அது வேண்டாம். இறங்கும்போது எஞ்சின் பிரேக் கிடைக்காது.

நண்பர் வரும் சனிக்கிழமை குர்லா போகிறார். அவரிடம் இரண்டு எண்களைச் சொல்லியிருக்கிறேன். நான்காவது 39லிருந்து 41க்குள் வர வேண்டும். ஐந்தாவது 34க்குப் பக்கத்தில், போனால் போகிறதென்று 33. மேலே கணக்குக்கு எடுத்துக்கொண்ட 0.72 கியருக்கு 31 வரும். அது தனியாக ஓட்டுகிறவருக்குச் சரி, நாலு பேரும் ஏ.சி.யும் உள்ள 37 குதிரைத்திறனுக்கு அதிகம். நான்காவது 36, 37 என்று வந்தால் ஐந்தாவது எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்க வேண்டாம், மும்பையில் இருக்கும் தங்கையைப் பார்த்துவிட்டு இந்திராயணியைப் பிடித்துத் திரும்பிவிடுங்கள் என்றேன். சாக்பீஸ் வாங்கி வைத்துவிட்டாராம்.